கழிச்சது போக மிச்சம்

மருமகனே, முதல்ல உக்காரு. நின்னுக்கிட்டே கோவப்பட்டா உனக்குத்தான் முழங்கால் வலிக்கும்; தரகருக்கு ஒண்ணும் வலிக்காது. காலையில கரையில நீ போட்ட சத்தம் தர்கா வாசல் வரைக்கும் கேட்டுச்சுன்னு உங்க அத்தை சொல்றா. "என் நண்டு, என் வலை, என் காசு, பிடிச்சுக்கிறதுக்கு நீ யாருய்யா"ன்னு கேட்டியாமே. நல்ல கேள்விதான். ஏர்வாடிக் கரையில வலை சுமந்தவன் அத்தனை பேரும் ஒரு நாளாச்சும் கேட்ட கேள்வி. கேட்டவன் அத்தனை பேரும் மறுநா விடியுமுன்ன அதே தரகர்கிட்ட ஐஸுக்குக் கைநீட்டுனதையும் நான் பாத்திருக்கேன்.

போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறியாம். என்னன்னு எழுதுவ? திருட்டுன்னா? நண்டைத் தூக்கி அவரு தராசுல வச்சதே நீதான். மிரட்டல்னா? உன்னைப் பாத்து அவருதான் மிரண்டாருன்னு ஊரே சொல்லுது. சரி, அந்த மனுவை எழுதுனவனுக்குக் கூலி குடுத்துட்டியா? இன்னும் இல்லையா? அப்ப கூலி வர்ற வரைக்கும் மனுவைக் குடுக்காம அவன் பிடிச்சு வச்சிருக்கலாமே. தரகர் பண்ணுனதும் கிட்டத்தட்ட அந்தச் சோலிதான்.

ஆமாய்யா, பிடிச்சுக்கலாம். சட்டமே பிடிச்சுக்கச் சொல்லுது. முறைக்காத. எனக்கு இது எப்படித் தெரியும்னா, ராமநாதபுரத்துல ஒரு வக்கீல் குமாஸ்தா என்கிட்ட மீன் கடனுக்கு வாங்குவாரு. விளமீனும் ஊளியும் வாங்கித் தின்னுட்டுக் காசு கேக்கும்போதெல்லாம் ஒரு சட்டப் பிரிவைச் சொல்லி அனுப்பிருவாரு. நானும் பாத்தேன், வராத காசுக்கு வந்த சட்டம் லாபம்னு வரவுல எழுதிக்கிட்டேன். அந்த ஊளி மீன் இன்னிக்குத்தான் உனக்கு ஆகுது.

1872-ல வெள்ளைக்காரன் போட்ட இந்திய ஒப்பந்தச் சட்டம். பாம்பன்ல ரயில் பாலம் திறக்குறதுக்கு 42 வருசம் முந்தி. அதுல 217-ஆம் பிரிவுன்னு ஒண்ணு கெடக்கு. ஒருத்தனுக்காக இன்னொருத்தன் சரக்கை வித்துக் குடுத்தா, வந்த காசுல மூணு வகையைத் தன்கிட்டயே நிறுத்திக்கலாம். அந்தத் தொழிலுக்காக அவன் முன்னால போட்ட பணம். அந்தத் தொழில்ல முறையாச் செஞ்ச செலவு. அவனுக்குச் சேர வேண்டிய தரகு. இம்புட்டுத்தான். இதுக்கு யாருகிட்டயும் அனுமதி கேக்க வேண்டியதில்ல, கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்ல, உன் மூஞ்சியைப் பாத்துச் சிரிக்கக்கூட வேண்டியதில்ல.

ஆனா 217-க்கு அடுத்தாப்பல 218 வரும்ல? தரகருங்க எல்லாருக்கும் 217 மனப்பாடம். அதோட படிப்பை நிறுத்திருவாங்க. 218 ஒரே வரிதான். அந்தக் கழிவு போக, வந்த காசு மொத்தத்தையும் உடையவன்கிட்டக் குடுத்தாகணும். "குடுக்கலாம்"னு இல்ல மருமகனே. குடுத்தாகணும்.

இப்ப அந்தச் சிட்டையைக் கொண்டா. சட்டைப்பையில கசங்கிக் கெடக்கே, அதுதான். சிகரெட் அட்டைக்குப் பின்னால எழுதியிருக்காரு பாரு, உன் ஒரு ராத்திரி உழைப்பை. என் கண்ணாடியை எடு.

நண்டு 18 கிலோ, கிலோ 350. ஆக 6,300. சரிதானா? 19 கிலோ நின்னுச்சா? அந்த ஒரு கிலோ எங்க? "சாப்பாட்டு நண்டு". நல்ல மனுசன், உன் நண்டைத்தான் தின்னுறாரு, உன் வீட்டுச் சோத்தையா கேட்டாரு. அதை விடு, கடைசியில வாறேன்.

தரகு 630. நூத்துக்குப் பத்து. பேசித்தான் விட்ட? பேசித்தான் விட்ட. அப்ப அது அவரு கூலி, எடுத்துக்கட்டும். ஐஸ் 150. ஐஸ் இல்லாம நண்டு கரைக்கு உசிரோட வராது. முறையான செலவு, எடுத்துக்கட்டும். மகமை 50. ஊரு வழக்கம், உங்கப்பன் குடுத்தான், நீயும் வாயை மூடிக்கிட்டுத்தான் குடுத்துட்டு வந்த. அதுல சண்டை போட்டா ஊரு கூட்டத்துல நான் உன் பக்கம் உக்காரமாட்டேன்.

வலைக்கடன் 2,000. இங்க செத்த நேரம் நில்லு. நண்டு வலை வாங்க அவரு பணம் குடுத்தாரு. அந்த வலையில படுற நண்டை அவரு மூலமாத்தான் விப்பேன்னு நீ ஒத்துக்கிட்ட. அது இந்தத் தொழிலுக்குப் போட்ட பணம்னு அவரு சொன்னா, மறுத்துப் பேச எனக்கே வாய் வராது. ஆனா எப்படிக் கழிக்கிறதாப் பேச்சு? ஒவ்வொரு பாட்டுலயும் நூத்துக்குப் பத்துன்னுதானே? 6,300-க்குப் பத்து 630. அவரு அள்ளுனது 2,000. பேசுன பேச்சை மீறி, நல்ல பாடு விழுந்த அன்னிக்கு மொத்தமா வாரிக்கிறது 217-ல இல்ல. வாய்ப்பேச்சுத்தானேன்னு அவரு தட்டிக்கழிக்க முடியாது. நம்ம நாட்டுச் சட்டத்துல வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். நிரூபிக்கிறதுதான் பாடு. பேசுனப்ப பக்கத்துல யாரு இருந்தா? உன் மச்சானா? அவன் அன்னிக்கு நிதானத்துல இருந்தானா? சரி, வேற ஆளு பாப்போம்.

கல்யாணக் கடன் 1,500. உன் தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்குனது. போன் 500. நீ அந்த வெளிச்சப்பெட்டி வாங்குனதுக்கு. இது ரெண்டும் நண்டு விக்கிற தொழிலா? தங்கச்சியை நண்டு வலையிலயா கட்டிக் குடுத்த? இது கடன்தான், இல்லன்னு நான் சொல்லல. கேக்கட்டும், வீட்டு வாசல்ல வந்து உக்காரட்டும், வழக்குப் போடட்டும். நீ அவரு மேல கணக்குக் கேட்டு வழக்குப் போட்டாலும், அவரு தன் பதில்ல "இவனும் எனக்கு இம்புட்டுத் தரணும், அதையும் நேர் பண்ணுங்க எசமான்"னு கேக்க வழி இருக்கு. அது கோர்ட்டுல. கரையில, நண்டு வித்த காசுல, உன்னை ஒரு வார்த்தை கேக்காம அவராக் கிள்ளிக்கிறதுக்கு 217 இடம் தரல. ஆனா ஒண்ணு. கேட்டாரா இல்லையா? போன மாசம் "கல்யாணக் காசுல கொஞ்சம் கழிச்சுக்கிறவா தம்பி"ன்னு கேட்டப்ப, நீ போனைப் பாத்துக்கிட்டே தலையை ஆட்டுனியாமே? அப்படி ஆட்டுனது உண்மைன்னா நீயே எழுதிக் குடுத்த மாதிரி ஆச்சு. தலைக்கு ஆட்டம் குறையணும் மருமகனே.

கடைசியா, "இதர" 270. இந்த இதர இருக்கே, இதைக் கும்பிட்டுக்க. ஐஸுக்குப் பேரு உண்டு, மகமைக்குப் பேரு உண்டு, போனுக்குக்கூடப் பேரு உண்டு. இதரவுக்கு மட்டும் அப்பன் பேரு தெரியாது.

கூட்டிப் பாத்தா அவரு கழிச்சது 5,100. உன் கைக்கு வந்தது 1,200. நியாயமாக் கழிக்க வேண்டியது தரகு, ஐஸ், மகமை, வலைக்கு 630, எல்லாம் சேத்து 1,460. உனக்கு வந்திருக்க வேண்டியது 4,840. நிக்கிறது 3,640. இந்த நம்பரைச் சொல்லிக் கேட்டிருந்தா ஊரு உன் பக்கம் திரும்பியிருக்கும். நீ "என் காசு என் காசு"ன்னு மொத்தத்துக்கும் கத்துன. அவரு எடுத்த நியாயமான 1,460-ஐக் காட்டியே உன்னைப் பொய்யனாக்கிட்டாரு.

இம்புட்டும் நான் அவரை உன் தரகர்னு வச்சுக்கிட்டுச் சொன்னது. அதுலயே ஒரு வில்லங்கம் இருக்கு. உன் நண்டை அவரு வித்துக் குடுக்குறாரா, இல்ல தானே வாங்கிக்கிறாரா? தராசுகிட்ட நிக்கும்போது அவரு வியாபாரி: விலையை அவரே சொல்றாரு, நீ தலையை ஆட்டுற. நோட்டைத் தொறந்ததும் தரகர்: நூத்துக்குப் பத்து எடுக்குறாரு. கடன்னு வந்ததும் வட்டிக்காரர். கூத்துல கூட ஒரே ராத்திரியில ஒரே ஆளு தருமருக்கும் சகுனிக்கும் வேசம் கட்டமாட்டான். இவரு ஒரு சிகரெட் அட்டையில மூணு வேசம் கட்டிட்டாரு.

வியாபாரின்னா, நண்டு அவருக்கு வித்தாச்சு, விலைக்காசு அவரு உனக்குத் தரவேண்டிய கடன். தனக்காக வாங்குனவனுக்கு எதுக்குய்யா தரகு? அந்த 630 எந்தக் கணக்கு? தரகர்னா, தரகு உண்டு, கழிக்கிற உரிமையும் உண்டு. ஆனா விலை அவரு சொல்ற விலை இல்ல, கம்பெனிக்காரன் குடுத்த விலை. இந்த நண்டு எங்க போகுதுன்னு உனக்குத் தெரியும்ல? அவிக்கிற கூடத்துக்குப் போய், பொம்பளைப் பிள்ளைக உக்காந்து சதையைப் பிரிச்சு, டப்பாவுல அடைச்சு, பெரும்பாலும் அமெரிக்காக்காரன் தட்டுக்குப் போகுது. அவன் தட்டுல என்ன விலைன்னு கேக்க உனக்கு உரிமை இல்ல. கூடத்துக்காரன் உன் தரகர் கையில என்ன வச்சான்னு கேக்க உரிமை உண்டு. 213-ஆம் பிரிவு: உடையவன் கேட்டா முகவர் சரியான கணக்குக் காட்டியாகணும். 400 வாங்கிட்டு உனக்கு 350-ன்னு எழுதியிருந்தா, அந்த அம்பதும் உன் பேருல வந்த காசு.

அதே புத்தகத்துல 215-க்கு ஒரு உதாரணம் போட்டிருக்கான் பாரு, படிச்சப்ப எனக்குச் சிரிப்பு அடங்கல. ஒருத்தன் தன் நிலத்தை வித்துக் குடுன்னு முகவர்கிட்டச் சொல்றான். முகவர் வேற ஒருத்தன் பேருல தானே வாங்கிக்கிறான். தெரியவந்தா, மறைச்சது யோக்கியக் குறைவா இருந்தாலோ தனக்கு நட்டம்னாலோ, அந்த விற்பனையையே உடையவன் தள்ளிவிடலாமாம். பினாமி வித்தை நம்ம காலத்துல வந்ததுன்னு நினைச்சேன். 1872-லயே வெள்ளைக்காரனுக்கு நம்ம கரையைப் பத்தித் தெரிஞ்சிருக்கு.

அதனால நாளைக்குப் போனா திட்டாத. நாலு பேரு நிக்கும்போது, நல்லாக் குனிஞ்சு, "முதலாளி, நீங்க எங்க தரகர்தானே, எங்கப்பா காலத்துல இருந்து"ன்னு கேளு. அவருக்கு உச்சி குளுந்துரும். "பின்னே? உங்க வீட்டு நண்டை வித்துக் குடுத்தே என் முடி நரைச்சிருச்சு"ம்பாரு. அந்த ஒரு வார்த்தை போதும். அவரு வாயாலயே தரகர்னு ஆனப்புறம், கணக்கு காட்டுங்கன்னு நீ மரியாதையாக் கேக்கலாம். ஊரே தரகர் ஒழிகன்னு கத்துது. நீ தரகர் வாழ்கன்னு கத்து. அவரு வியாபாரியா மாறிட்டா, கம்பெனிக்காரன் என்ன குடுத்தான்னு கேக்க உனக்கு வழி இல்ல.

எஞ்சினைக் கழட்டிட்டுப் போயிருவேன்னாரா? சும்மா சொல்லிருப்பாரு. சொன்னாலும், 221-ஆம் பிரிவுல முகவர் பிடிச்சு வச்சுக்கலாம்ங்கிறது உன் பொருளா அவரு கைக்கு ஏற்கெனவே வந்தது. அதுவும் அந்தச் சரக்கு சம்பந்தப்பட்ட பாக்கிக்கு மட்டும். வத்தையில கெடக்குற எஞ்சினை வந்து கழட்டுனா, அப்பத்தான் நீ அந்த மனுவை எடுக்கணும். பழைய பாக்கி புதுப் பாக்கி எல்லாத்துக்கும் சேத்துச் சரக்கைப் பிடிச்சு வைக்கிற பெரிய உரிமை 171-ல இருக்கு. பேங்க்காரன், துறைமுகக் கிட்டங்கிக்காரன், உயர்நீதிமன்ற வக்கீல், இப்படி அஞ்சு கூட்டத்துக்குத்தான். சரக்கைத் தன் கையில வாங்கி விக்கிற பெரிய முகவரும் அந்த அஞ்சுல உண்டு. இவரு வக்கீல் கெட்டிக்காரன்னா அந்த ஓட்டையில நுழையப் பாப்பான். நுழையட்டும். பஞ்சுப் பொதியைப் பிடிச்சு வச்சா ஆறு மாசம் கெடக்கும். நண்டைப் பிடிச்சு வச்சா மத்தியானத்துக்குள்ள அவரு வீட்டுக்காரம்மாவே தூக்கித் தெருவுல கொட்டிரும்.

பஞ்சுப் பொதின்னதும் நினைப்பு வருது. உன் யோக்கியதையையும் கொஞ்சம் பாப்போமா? ராத்திரி ராத்திரியாக் கீழக்கரைப் பக்கம் பைக்குல ஒரு கூடை போகுதாமே. தலையைத் தொங்கப் போடாத, நிமிரு. 202-ஆம் பிரிவுல 1,000 பஞ்சுப் பொதிக் கதை ஒண்ணு இருக்கு. பஞ்சுக்கு முன்பணம் குடுத்தவனுக்கே பஞ்சை அனுப்பி, வித்து உன் பணத்தை எடுத்துக்கன்னு சொன்னவன், பாதியில "நீ விக்க வேணாம், குடுத்துரு"ன்னு அந்த அதிகாரத்தைப் பிடுங்க முடியாது. செத்தாலும் அது முடியாது. தன் முன்பணம் சரக்குல கெடக்குற முகவரை நினைச்சப்ப வெளியேத்த முடியாது மருமகனே. வலைக்காசு அவருதாம், வலையில விழுந்தது கீழக்கரைக்காரனுக்காம். காலையில நீ கேட்ட "நீ யாருய்யா"வை அவரு திருப்பிக் கேட்டா, உன் பைக்கே பதில் சொல்லிரும். முதல்ல வலைக்கடனை அடை, அப்புறம் கீழக்கரைக்குப் பகல்லயே போ.

இன்னொண்ணு. மாசக் கடைசியில நோட்டை நீட்டி, "பாக்கி இம்புட்டு, சரின்னு ஒரு கையெழுத்துப் போடு தம்பி"ன்னா, எழுத்தைக் கூட்டிக்கூடப் பாக்காம போட்டுட்டு வர்றீல்ல? கடனுக்கு வழக்குப் போட 3 வருசம்தான் கெடு. 1963-ஆம் வருசத்துக் காலவரையறைச் சட்டம். கெடு முடியுமுன்ன நீ போடுற ஒவ்வொரு கையெழுத்துக்கும் அந்த 3 வருசம் புதுசாப் பிறக்கும். உன் தங்கச்சிக்கு ரெண்டு பிள்ளை ஆயிருச்சு. அவ கல்யாணக் கடனுக்கு நீ மாசாமாசம் பேரு வச்சுக்கிட்டு இருக்க. குடுக்க வேண்டிய கடனை ஏமாத்தச் சொல்லல. என்ன எழுதியிருக்குன்னு பாத்துப் போடுன்னு சொல்றேன். உன் பொண்டாட்டி மகளிர் குழுக் கணக்கு எழுதுறவதானே? பைசா சுத்தமா எழுதுறாளாம். அவகிட்ட நோட்டைக் குடுக்கக் கௌரவம் தடுக்குதோ? அவ பாத்திருந்தா இதர எப்பவோ செத்திருப்பான்.

வட்டி மட்டும் ஒரு பக்கமாவே ஏறணும்னு யாரு சொன்னா? கல்கத்தா வியாபாரிக்கு லண்டன்ல ஒரு முகவர். வந்த பணத்தை அனுப்பச் சொல்லியும் அனுப்பாம ரொம்ப நாள் தன்கிட்டயே வச்சுக்கிட்டான். வியாபாரி திவாலாயிட்டான். 212-க்குப் போட்ட உதாரணம் இது. அனுப்பியிருக்க வேண்டிய நாள்ல இருந்து முகவர் வட்டி கட்டணும், திவாலானதுக்கெல்லாம் பொறுப்பில்ல. உன் 3,640-க்கும் அப்படி வட்டி கேக்கலாம். கேட்டுப் பாரேன், அவரு மூஞ்சியைப் பாக்கவாச்சும் நான் கரைக்கு வாறேன். தரகருக்குக் கிச்சுகிச்சு மூட்ட அதைவிட நல்ல வழி இல்ல.

இதையெல்லாம் தாண்டி ஒண்ணு இருக்கு. அதைச் சிரிச்சுக்கிட்டுச் சொல்ல முடியாது. "என்கிட்டக் கடன் இருக்குற வரைக்கும் ஊரு விலையைவிட நாப்பது ரூவா குறைச்சுத்தான் எடுப்பேன்"னு சில இடத்துல பேச்சே அப்படித்தான். 1976-ல கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்துச்சு. கொத்தடிமைன்னா செங்கல் சூளை, கல்குவாரின்னுதான் நினைக்கிறோம். அந்தச் சட்டத்துல எழுதியிருக்குற வகையறாவுல இதுவும் ஒண்ணு: கடனுக்காக, தன் பொருளையோ தன் உழைப்புல விளைஞ்சதையோ சந்தை விலைக்கு விக்கிற உரிமையை ஒருத்தன் விட்டுக்குடுக்குறது. கட்டாய உழைப்போ பாதிக் கட்டாய உழைப்போ அதோட சேரணும். உன்னைக் கொத்தடிமைன்னு நான் சொல்லமாட்டேன்; அதுக்குக் கொஞ்சமாவது உழைக்கணும். ஆனா அந்தச் சின்ன வத்தையில ராத்திரி முழுக்கக் குளிர்ல கெடந்துட்டு, என்ன விலைன்னு கேக்கக்கூட நாக்கு எழாமப் போறவன் நம்ம கடற்கரையில இருக்கான். அவன்கிட்டப் போய் நான் 217, 218-ன்னு வாய்ப்பாடு சொல்லமாட்டேன். வருவாய்க் கோட்டாட்சியர் ஆபீசுக்குக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன்.

வேற வழி இல்லையான்னு கேக்குற. வழி சொன்னவன் எல்லாம் போயிச் சேந்துட்டான். நிக்கல்சன்னு ஒரு வெள்ளைக்காரத் துரை, விவசாயிக்குக் கூட்டுறவுக் கடன் சங்கம் வேணும்னு 1895-லயே அறிக்கை எழுதுனவரு, மதராஸ் மாகாணத்து மீன் துறைக்கும் அவருதான் பிள்ளையார் சுழி போட்டாரு. அப்புறம் சர்க்கார்காரன் நம்ம மண்டபத்துல மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தைத் தொறந்தான். மீன் எத்தனை முட்டை போடும், எந்த மாசம் போடும், எல்லாம் எண்ணி எழுதிட்டான். தரகர் நோட்டு எந்த மாசம் குட்டி போடும்னு நம்மளே எண்ணிக்க வேண்டியிருக்கு. 2018-19-ல இருந்து கிசான் கடன் அட்டை மீனவனுக்கும் உண்டு. தவணை தவறாமக் கட்டுனா வட்டி 4 சதவீதத்துல வந்து நிக்கும். உன் தரகர் வாங்குறது எம்புட்டு? மாசத்துக்கா வருசத்துக்கா? பாத்தியா, அதுகூடக் கேட்டு வச்சுக்கல. பேங்க்ல போய் நின்னா அங்க ஏழு காகிதம் கேப்பான், இங்க தரகர் ஒரு காகிதமும் கேக்காம பாதி ராத்திரியில டீசல் ஊத்துவாரு. அதனாலதான் அவரு இருக்காரு. அவரைக் கெட்டவன்னு சொல்லி ஒதுக்குனா பாதி ராத்திரியில நீ யார் வீட்டுக் கதவைத் தட்டுவ? என் வீட்டைத் தட்டாத, எனக்குத் தூக்கம் முக்கியம்.

திருவனந்தபுரத்துப் பக்கம் மரியநாடுன்னு ஒரு மீனவக் குப்பத்துல ஆரம்பிச்சு, 1980-ல தென்னிந்திய மீனவர் சங்கங்களோட கூட்டமைப்பா வளந்துச்சு ஒண்ணு. அங்க சங்கமே மீனை ஏலம் விடும். சங்கமே கடனுக்கு வழி பண்ணும். வித்த காசுல சங்கமே கழிக்கும்: கடனுக்கு இம்புட்டு, சேமிப்புக்கு இம்புட்டு, சங்கச் செலவுக்கு இம்புட்டுன்னு சதவீதம். ஆக, அங்கயும் பிடிச்சுக்கத்தான் செய்றான்! பாடு நல்லா விழுந்தா அதிகம் கழியும், விழலன்னா கழியாது. ஏலம் நாலு பேரு காதுல விழுந்து நடக்கும், சதவீதம் முன்கூட்டியே தெரியும், இதரன் உள்ள வர வாசல் கிடையாது. உன் தரகர் செய்றதும் அதேதான், என்ன, சங்கத்துல உள்ளவன் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு கேக்கலாம். நீ கரையில நின்னு கத்துற.

கேக்குறதுக்கும் நேரம் காலம் உண்டு. புயல் சின்னம், மூணாம் நம்பர்க் கூண்டு, வீட்டுல அரிசி இல்ல, அந்த வாரத்துல போய்க் கணக்குக் கேட்டா அவரு சிரிப்பாரு. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு 61 நாள் கடலுக்குப் போகக்கூடாதுல்ல? உன் நாட்டுப்படகுக்கு அந்தத் தடை இல்ல. அந்த 61 நாளும் கம்பெனிக்காரன் சரக்கு சரக்குன்னு தரகர் உசிரை வாங்குவான். தரகர் உன் வாசல்ல வந்து "மாப்ள எந்திரிச்சிட்டாரா"ம்பாரு. அன்னிக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து, அந்த நோட்டைக் கொஞ்சம் காட்டுங்க முதலாளின்னு கேளு. அந்தச் சாப்பாட்டு நண்டு ஒரு கிலோவையும் அன்னிக்கே கேட்டுரு. அதுவரைக்கும் சிட்டையை எல்லாம் ஒரு கம்பியில குத்தி வையி. கசக்கிப் போடாத.

எங்க எந்திரிக்கிற? இரு, இரு. போன வாரம் சந்தையில வித்துக் குடுங்க மாமான்னு ஒரு சாக்கு வாளைக் கருவாடு குடுத்தியே, அந்தக் காசை வாங்கிட்டுப் போ. நானும் உனக்குத் தரகர்தானே, இல்லன்னு சொல்லிராத, சாட்சிக்கு உங்க அத்தை நிக்கிறா. வித்தது 1,850. பஸ்ஸுக்கு எனக்கும் சாக்குக்கும் 60. சந்தை வரி 20. தரகு வேணாம், சொந்தத்துல தரகு வாங்குனா நாக்கு அழுகிரும். காப்பி 15. ஏன்யா அப்படிப் பாக்குற? காப்பி குடிக்காம எவன் கருவாட்டுக்கு விலை பேச முடியும்? முறையான செலவு.

அப்புறம் அந்தக் கருவாட்டுக்கு உப்பும் காயப்போடத் தார்ப்பாயும் வாங்க நான் குடுத்த 900. இதே தொழிலுக்குக் குடுத்தது, அதனால பிடிச்சுக்கிட்டேன். மிச்சம் 855, இந்தா, எண்ணிக்க. உன் மகன் காதுகுத்துக்கு வாங்குன 2,000-ஐ இதுல தொடல பாரு. தொடவும் மாட்டேன், சட்டம் சட்டம்தான். அது தனிக் கடன், வாங்கி ரெண்டே முக்கால் வருசம் ஆச்சு.

இந்த நோட்டுல தேதி போட்டு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போ.